ஒரு ஊசி, ஒரு ஜீன், கொஞ்சம் எலிகள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க. நான் பொட்டி தட்டுற ஆள், டாக்டர் இல்ல. அதனால இங்க இருக்கிறத வெச்சு யாரும் மருந்தை நிறுத்தவோ ஆரம்பிக்கவோ வேண்டாம். டிஸ்கி முடிஞ்சுது, மேட்டருக்கு வரேன்.

நம்ம உடம்புல ஒரு தசை அசையணும்னா நரம்பு முனையில இருந்து அசிட்டைல்கோலின்னு ஒரு ரசாயனம் கொட்டணும். கொட்டினதும் தசை சுருங்கும். சுருங்கின தசை மறுபடி தளரணும்னா கொட்டினதை உடனே கூட்டி அள்ளணும். அள்ளுற வேலைக்கு ஒரு என்சைம் இருக்கு, தமிழ்ல நொதி. ரசாயனம் வழியாத்தான் நரம்பு பேசுதுன்னு 1921-ல ரெண்டு தவளை இதயத்தை வெச்சு ஓட்டோ லூவி காட்டினார். அவருக்கும் ஹென்றி டேலுக்கும் 1936-ல நோபல் கிடைச்சுது. இது பாடப்புத்தகத்துல இருக்கிற கதை. நான் சொல்ல வந்தது அதுக்கு அடுத்த தெருவுல இருக்கிற கதை.

1940-ல ஆல்ஸ், ஹாஸ்னு ரெண்டு பேர் மனித ரத்தத்தை ஆராயும்போது ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்க. சிவப்பணுல இருக்கிற கூட்டித்தள்ளுற நொதி வேற, ரத்தத்தோட தண்ணிப் பகுதியில, அதாவது பிளாஸ்மாவுல இருக்கிறது வேற. 1943-ல டொரன்டோவுல மென்டல், ரட்னி ரெண்டு பேரும் பிளாஸ்மா நொதிக்கு 'சூடோ கோலினெஸ்டிரேஸ்'னு பேர் வெச்சாங்க. தமிழ்ல சொன்னா 'போலி'. பாவம், அது ஒரு தப்பும் பண்ணல. இன்னிக்கு அதோட பேர் பியூட்டிரைல்கோலினெஸ்டிரேஸ். ஒவ்வொரு தடவையும் இதை டைப் அடிச்சா என் விரல் சுளுக்கிக்கும். அதனால நரம்பு முனையில வேலை பாக்கிற அசிட்டைல்கோலினெஸ்டிரேஸை அண்ணன்னும், பிளாஸ்மாவுல சும்மா சுத்திக்கிட்டு இருக்கிற இதைத் தம்பின்னும் வெச்சுக்குவோம். தம்பியைச் செய்யற ஜீன் நம்ம 3-வது குரோமோசோம்ல இருக்கு. பேர் பி.சி.எச்.இ. ஈரல்ல தயாராகி ரத்தத்துல கலக்கும்.

அண்ணன் இல்லைன்னா மூச்சே கிடையாது. தம்பி எதுக்கு? இந்தக் கேள்விக்கு முழுப் பதில் இன்னும் வரல. ஒரு குடும்பத்துல வேலைக்குப் போகாத தம்பியை எப்படிப் பேசுவாங்களோ அப்படித்தான் ரொம்ப வருஷம் இவனைப் பத்திப் பேசினாங்க. ஆபத்து வந்தப்பதான் அவன் அருமை தெரிஞ்சுது.

எங்க கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல்லு, வேர்க்கடலை, கரும்பு. பூச்சிமருந்து இல்லாத வீடு குறைவு. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் மாதிரி ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துங்க எல்லாம் அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் பிடிச்சுக் கட்டிப் போடற சமாச்சாரம். இந்த வகையறாவுக்கு மூதாதை 1930-கள்ல ஜெர்மனியில ஐ.ஜி. ஃபார்பன் கம்பெனியில இருந்த கெர்ஹார்ட் ஷ்ராடர். அவர் பூச்சிமருந்து தேடினார், 1936-ல டாபுன்னு நரம்பு விஷவாயு கிடைச்சுது. 2013-ல பீகார்ல சத்துணவு சாப்பிட்டு 23 குழந்தைங்க செத்துப் போனதும் மோனோகுரோட்டோபாஸாலதான். விஷம் அண்ணனைத் தேடி நரம்பு முனைக்குப் போறதுக்கு முன்னாடி, ரத்தத்துல சுத்திக்கிட்டிருக்கிற தம்பி குறுக்க விழுந்து கொஞ்சத்தைத் தன் மேல வாங்கிக்குவான். ஒரு மூலக்கூறு விஷத்துக்கு ஒரு தம்பி காலி. கணக்கு ஒண்ணுக்கு ஒண்ணு. அதனாலதான் மருந்து குடிச்சு ஆஸ்பத்திரிக்கு வந்தா டாக்டருங்க 'கோலினெஸ்டிரேஸ் எவ்வளவு இருக்கு?'ன்னு ரத்தம் எடுத்துப் பாக்கறாங்க. பெரும்பாலும் அதுல அளக்கிறது தம்பியைத்தான். அளவு தரைதட்டி இருந்தா விஷம் ஏறியிருக்குன்னு அர்த்தம். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.

இப்ப ஊசி. சக்சினைல்கோலின்னு ஒரு மருந்து. ரெண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறை வாலோடு வால் ஒட்டினா அதுதான். 1906-லயே அமெரிக்காவுல ரீட் ஹன்ட், டாவோன்னு ரெண்டு பேர் இதை மிருகங்களுக்குப் போட்டுப் பாத்தாங்க. அவங்க தேடினது ரத்த அழுத்தத்துல வர்ற மாற்றத்தை. பரிசோதனைக்கு எடுத்த மிருகங்களுக்கு முன்னாடியே குராரே கொடுத்து தசையை எல்லாம் செயலிழக்க வெச்சிருந்தாங்க. ஏற்கனவே அசையாத மிருகத்துக்கு, அசைவை நிறுத்தற மருந்தைப் போட்டா என்ன தெரியும்? ஒண்ணும் தெரியல. லாக் ஆஃப் பண்ணிட்டு பக் தேடற மாதிரி. 43 வருஷம் அந்த மருந்து அலமாரியில தூங்குச்சு. 1949-ல டேனியல் பொவே அதைத் திரும்ப எடுத்து, இது தசையை முடக்கும்னு காட்டினார் (1957-ல அவருக்கும் நோபல்). 1951 வாக்கில ஸ்டாக்ஹோம்லயும் வியன்னாவுலயும் ஆப்பரேஷன் தியேட்டருக்குள்ள வந்துடுச்சு.

மயக்க மருந்து டாக்டருங்களுக்கு அது வரப்பிரசாதம். தொண்டைக்குள்ள குழாய் விடணும், தசை தளரணும், ஆனா நாலஞ்சு நிமிஷத்துல பழையபடி ஆகிடணும். இந்த ஊசி போட்டா ஒரு நிமிஷத்துக்குள்ள ஆள் துணி மாதிரி ஆகிடுவார். சில நிமிஷத்துல தானா மூச்சு வந்துடும். அதெப்படி இவ்வளவு சீக்கிரம் தெளியுது? போட்ட மருந்துல பெரும்பகுதியை, நரம்பு முனைக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே பிளாஸ்மாவுல தம்பி தின்னுடறான். சும்மா சுத்தற தம்பி.

அப்ப தம்பி இல்லாதவங்களுக்கு? நாலு நிமிஷம் நாலு மணி நேரம் ஆகும். 1952-ல லண்டன்ல இருந்து லான்செட்ல ஒரு கட்டுரை வந்தது. எவன்ஸ், கிரே, லேமன், சில்க்னு நாலு பேர் எழுதினது. இந்த ஊசிக்கு அப்புறம் மூச்சு வராம இழுத்தடிக்கிறவங்களோட ரத்தத்துல கோலினெஸ்டிரேஸ் கம்மியா இருக்குன்னு அதுல வந்துச்சு. அந்த லேமன் யாருன்னா, அதே 1952-ல நீலகிரிப் பழங்குடி மக்கள் கிட்ட அரிவாள் செல் ரத்தம் இருக்குன்னு எழுதின அதே ஹெர்மன் லேமன். ஒரே வருஷத்துல ஒரு கையில ஊட்டி ரத்தம், இன்னொரு கையில இந்த ரத்தம்! அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்க நியாயமில்ல, இந்த ரெண்டாவது கதையும் பின்னாடி சுத்தி வந்து நம்ம கொங்கு நாட்டுலயே நிக்கும்னு. 1956-ல அவரும் ரயன்ங்கிறவரும் சேர்ந்து, இந்தக் குறைபாடு குடும்பம் குடும்பமா வருதுன்னு காட்டினாங்க.

அடுத்த வருஷம், 1957. மறுபடி டொரன்டோ. வெர்னர் காலோன்னு ஜெர்மனியில இருந்து வந்த மருந்தியல்காரர். இவர் பண்ணின சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அவ்வளவு எளிமை. டைபுகெய்ன்னு ஒரு மரத்துப்போற மருந்தை ரத்த சீரத்துல கலந்து, நொதியோட வேலை எத்தனை சதவீதம் முடங்குதுன்னு பாத்தார். சாதாரண ஆளுங்களுக்குச் சுமார் 80 வந்துச்சு. ஊசியில மாட்டிக்கிட்டவங்களுக்குச் சுமார் 20. அவங்க அப்பா அம்மாவுக்கு நடுவுல, 60 பக்கம். மூணே கொத்து. மெண்டல் பட்டாணி மாதிரி (இது வேற மெண்டல், மேல சொன்ன டொரன்டோ மென்டல் இல்ல :-) ). அதாவது சிலருக்குத் தம்பி கம்மியா இருக்கான்ங்கிறது மட்டுமில்ல, சிலருக்கு இருக்கிற தம்பியே வேற ஆள். மருந்து ஒருத்தருக்கு ஒரு மாதிரி, இன்னொருத்தருக்கு வேற மாதிரி வேலை பண்றதுக்குப் பரம்பரை காரணமா இருக்கலாம்னு ஒரு துறையே இதுல இருந்து கிளம்புச்சு. 1959-ல ஃப்ரெட்ரிக் ஃபோகல் அதுக்கு ஃபார்மகோஜெனெட்டிக்ஸ்னு பேர் வெச்சார். 1962-ல காலோ அதுக்கு முழுப் புத்தகம் எழுதினார்.

தம்பி மாறின ஆளா இருக்கிறது ஒரு வகை. தம்பியே சுத்தமா இல்லாதது இன்னொரு வகை. இதுக்கு 'சைலன்ட்'னு பேர், ஊமை ஜீன்னு வெச்சுக்கலாம். அப்பா கிட்ட இருந்து ஒண்ணு, அம்மா கிட்ட இருந்து ஒண்ணு, ரெண்டும் ஊமையா இருந்தாத்தான் ஆள் சைலன்ட். ஐரோப்பா, அமெரிக்காவுல லட்சத்துல ஒருத்தர். 1967-ல அலாஸ்கா எஸ்கிமோக்கள் கிட்ட இது நிறைய இருக்குன்னு நேச்சர்ல வந்தது. அப்புறம் 1979-ல ஹியூமன் ஜெனெட்டிக்ஸ் பத்திரிகையில ராவ், கோபாலம் ரெண்டு பேரும் எழுதினாங்க: ஆந்திராவுல வைசியர் சமூகத்துல இந்த ஊமை ஜீன் ரொம்ப அதிகம்.

இங்க ஒரு நிமிஷம் நிக்கிறேன். ஜாதிப் பேரைப் போட்டு எழுதலாமான்னு யோசிச்சேன். ரத்தமும் ஜாதியும் ஒரே வரியில வந்தா எனக்கு உள்ளுக்குள்ள அலாரம் அடிக்கும், உங்களுக்கும் அடிக்கணும். ஆனா இந்த விஷயத்துல பேரை மறைச்சா, யாருக்குத் தெரியணுமோ அவங்களுக்குத் தெரியாமலே போகும். பேர் சொல்லாம எழுதறது நாகரிகமாத் தெரியும், பிரயோஜனம் இருக்காது. அதனால சொல்றேன். ஆரிய வைசியர். எங்க வட மாவட்டங்கள்ல கோமுட்டிச் செட்டியார்னு சொல்வாங்க. வீட்டுல தெலுங்கு, கடையில தமிழ். பல ஊர்ல மளிகை, நகை, ஜவுளின்னு கடை வெச்சிருப்பாங்க. வாசவி கன்னிகா பரமேஸ்வரி கோயில் இருக்கிற ஊர்ல இவங்க இருப்பாங்க.

கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்துல ஆர். பூபதியோட ஆய்வுக்கூடம். அங்க மனோகரன், பூபதி குழு கோயம்புத்தூர் வைசியர் சமூகத்துல ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. 24 பேர்ல ஒருத்தர் சைலன்ட். லட்சத்துல ஒருத்தர் எங்க, 24-ல ஒருத்தர் எங்க. கிட்டத்தட்ட 4000 மடங்கு. உலகத்துலயே இந்த நொதியோட ஜாதகத்தைக் கரைச்சுக் குடிச்ச ஆள் ஒருத்தர் உண்டு. அமெரிக்காவுல ஒமாஹா ஊர்ல நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவ மையத்துல இருந்த ஒக்ஸானா லாக்ரிட்ஜ். 1987-ல இந்தப் புரதத்தோட 574 அமினோ அமிலத்தையும் வரிசையாப் படிச்சு எழுதினவங்க. அவங்களும் சேர்ந்து 2006-ல வெளியிட்ட கட்டுரையில பிழை எங்கன்னு பிடிச்சாச்சு. 307-வது இடத்துல லூசின் இருக்கணும், புரோலின் இருக்கு. ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாற்றம். புரோலின் ஒரு வளையாத ஆசாமி, அவன் நுழைஞ்ச இடத்துல புரதம் சரியா மடியாது. மடியாத புரதத்தை செல்லே தூக்கி எறிஞ்சிடும். 574 எழுத்துல ஒண்ணு. நாங்க செமிகோலன் விட்டா கம்பைலர் கத்தும். இங்க கத்த ஆளில்ல, ஆப்பரேஷன் டேபிள்ல படுக்கிற வரைக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. 24-ல ஒருத்தருக்கு ரெண்டு பக்கமும் ஊமைன்னா, ஜீனோட விகிதம் 1-ஐ 24-ஓட வர்க்கமூலத்தால வகுத்தா வரும், சுமார் 0.2. அப்ப ஒரு பக்கம் மட்டும் ஊமையா இருக்கிறவங்க மூணுல ஒருத்தர். சொந்தத்துக்குள்ளயே கல்யாணம் நடக்கிற இடத்துல இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, ஆனா ஒரு அளவு புரியும். ஒரு பக்கம் மட்டும் இருக்கிறவங்களுக்கு ஊசியால பெரிய தொந்தரவு வராது, கொஞ்சம் கூடுதலா இழுக்கும், அவ்வளவுதான்.

எப்படி இப்படி ஒரே சமூகத்துல போய்க் குவிஞ்சுது? இங்கதான் எனக்குள்ள இருக்கிற வரலாற்றுக் கிறுக்கன் முழிச்சுக்கிட்டான். வாசவி கதை தெரியுமில்ல? கோதாவரிக் கரையில பெனுகொண்டா. விஷ்ணுவர்த்தன ராஜா வாசவியைக் கல்யாணம் கட்டிக்கொடுன்னு கேட்டு நிக்கிறான். 714 கோத்திரத்துல 102 கோத்திரம் மட்டும் முடியாதுன்னு நின்னு வாசவியோட தீயில இறங்கறாங்க. மத்தவங்க விலகிப் போயிடறாங்க. மிச்சம் இருக்கிறவங்கதான் இன்னிக்கு இருக்கிற சமூகம், அதுக்கப்புறம் தாய்மாமன் பொண்ணைத்தான் கட்டணும்னு கட்டுப்பாடு, மேனரிகம்னு பேர். எட்கர் தர்ஸ்டன் 1909-ல வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பத்தின தொகுதிகள்ல இந்தக் கதையும் மேனரிகமும் ரெண்டும் இருக்கு.

படிச்சதும் 'ஆகா, கிடைச்சுது'ன்னு துள்ளத் தோணும். கொஞ்ச பேர் தப்பிச்சு, அவங்க வம்சம் பெருகி, அவங்க கிட்ட இருந்த ஒரு பிழை எல்லாருக்கும் போயிடுச்சு! மரபியல்ல இதுக்கு ஃபவுண்டர் எஃபெக்ட்னு பேரே இருக்கு. கதையும் அறிவியலும் கை கோர்த்துக்கிச்சுன்னு ஃபார்வர்டு மெயில் பாணியில ஒரு பதிவு போட்டிருக்கலாம், நல்லா ஓடியிருக்கும்.

ஆனா காலம் ஒத்து வரல. 2009-ல நேச்சர்ல டேவிட் ரைக், ஹைதராபாத் சி.சி.எம்.பி.யோட தங்கராஜ், லால்ஜி சிங் எல்லாம் சேர்ந்து எழுதின இந்திய மரபணு வரலாற்றுக் கட்டுரை வந்தது. அதுல வைசியர்களோட இந்தக் குறுகல் நடந்தது 100 தலைமுறைக்கும் முன்னாடின்னு கணக்குப் போட்டிருக்காங்க. தலைமுறைக்கு 25 வருஷம்னு வெச்சாலும் 2500 வருஷத்துக்கு மேல. வாசவி கதையை வழக்கமாப் பத்து, பதினோராம் நூற்றாண்டுன்னு சொல்றாங்க. பாதி தூரம்கூட வரல. கதைக்கு ஒரு உண்மை வேர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ஆனா ஜீன் குவிஞ்சதுக்கு அது காரணம்னு சொல்ல முடியாது. எனக்கு இதுல கதையை விட இன்னொண்ணுதான் தூக்கிவாரிப் போட்டுச்சு. 2500 வருஷமா, பக்கத்துல அத்தனை ஜனம் இருக்க, வெளியில இருந்து கலப்பு ரொம்பக் கம்மியா ஒரு கூட்டம் இருந்திருக்கு. 'ஜாதி எல்லாம் வெள்ளைக்காரன் வந்து கெட்டிப்படுத்தினது'ன்னு நம்ம நண்பர்கள் சிலர் விவாதம் பண்ணுவாங்க. அவங்க இந்த ஒரு விஷயத்துக்கு என்ன சொல்வாங்கன்னு எனக்கு ஆசையா இருக்கு. இன்னொண்ணும் சொல்லணும். இது இந்தச் சமூகத்துக்கு மட்டும் உள்ள சமாச்சாரம் இல்ல. 2017-ல நேச்சர் ஜெனெட்டிக்ஸ்ல வந்த கட்டுரையில, தெற்காசியாவுல நிறையக் குழுக்களுக்கு இப்படிக் குறுகல் நடந்திருக்குன்னு காட்டினாங்க. வைசியருக்கு அது என்னன்னு தெரிஞ்சுடுச்சு, மத்தவங்களுக்கு இன்னும் தேடிப் பாக்கல, அவ்வளவுதான் வித்தியாசம். உங்க ஜாதியிலயும் என் ஜாதியிலயும் என்ன ஊமையாத் தூங்குதோ.

எங்க பக்கத்து நண்பர் ஒருத்தர், திருவண்ணாமலையில மளிகைக் கடை. அவரோட சித்திக்குச் சில வருஷம் முன்னாடி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஆப்பரேஷன். முடிஞ்சு மூணு மணி நேரம் ஆகியும் மூச்சு தானா வரல. மெஷின்லயே வெச்சிருந்தாங்க. வெளிய குடும்பமே அண்ணாமலையாரை வேண்டிக்கிட்டு நின்னுச்சு. சாயங்காலம் மெதுவா விரல் அசைஞ்சுது, எல்லாம் சரியாச்சு. 'மயக்கம் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. சித்தி வீட்டுக்கு வந்து சொன்னதுதான் நண்பரைத் தூங்க விடல. "காது கேட்டுச்சுப்பா. எல்லாரும் பேசறது கேட்டுச்சு. கண்ணைத் தொறக்க முடியல, அவ்வளவுதான்."

ஆமா. அதுதான் இந்த ஊசியோட கொடூரம். அது தசையைத்தான் முடக்கும், நினைவை இல்ல. மயக்க மருந்து தெளிஞ்சு ஊசி தெளியலைன்னா, ஆள் முழிச்சுக்கிட்டு பொம்மை மாதிரி படுத்திருக்கணும். தெரிஞ்ச டாக்டரா இருந்தா மெஷினோட தூக்க மருந்தும் தொடர்ந்து கொடுப்பாங்க, காத்திருப்பாங்க. வேற வைத்தியம் பெருசா ஒண்ணுமில்ல, பொறுமைதான்.

சரி, எலிகள். ஒரு ஜீன் என்ன வேலை செய்யுதுன்னு தெரியணுமா? அதை எடுத்துட்டுப் பாரு. கோடுல ஒரு ஃபங்ஷனை கமென்ட் போட்டுட்டு ரன் பண்ற மாதிரி. சுண்டெலியில இதைச் செய்யற வித்தைக்குக் கபெக்கி, எவன்ஸ், ஸ்மித்தீஸ் மூணு பேருக்கும் 2007-ல நோபல். ஒமாஹாவுல லாக்ரிட்ஜ் இருந்த குழு முதல்ல அண்ணனை எடுத்துப் பாத்தாங்க, 2000-ல. அண்ணன் இல்லாத எலி பிறக்கவே பிறக்காதுன்னுதான் யாரும் நினைப்பாங்க. பிறந்துச்சு! சராசரியா 14 நாள் உயிரோட இருந்துச்சு. திட உணவு சாப்பிடத் தெம்பில்லாத அதுங்களுக்கு அப்புறம் திரவ உணவு கொடுத்து வளர்த்தப்ப வளர்ந்தே வந்துச்சுங்க. அண்ணன் வேலையைத் தம்பி கொஞ்சம் இழுத்துப் போட்டுப் பாத்திருக்கான்னு அப்பதான் தெரிஞ்சுது.

2008-ல பின் லி, எலன் டைசன், லாக்ரிட்ஜ் குழு தம்பி இல்லாத எலியைப் பத்தி எழுதினாங்க. அந்த எலி பாக்க சாதாரண எலி. இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு எல்லாம் ஒண்ணுதான். ஊசி போடற வரைக்கும். சக்சினைல்கோலின் போட்டதும் நம்ம சித்தி மாதிரியே மூச்சு நின்னு ரொம்ப நேரம் வரல. மனுஷனுக்குச் சரியான மாதிரி எலி கிடைச்சாச்சு. இனிமே தம்பி இல்லாத ஒருத்தருக்கு ஒரு மருந்து ஆபத்தான்னு தெரிஞ்சுக்க மனுஷன் மேல போட்டுப் பாக்க வேண்டாம்.

பாத்தாங்க. பாம்புட்டெராலுன்னு ஆஸ்துமா மருந்து, உடம்புக்குள்ள தம்பிதான் அதை வேலை செய்யற மருந்தா மாத்தணும். அது எலிக்கு ஒண்ணும் பண்ணல. பைலோகார்ப்பின் அதிக அளவுல கொடுத்தப்ப வலிப்பு வந்து செத்துச்சு. அல்சைமர் நோய்க்குக் கொடுக்கிற டோனபெசில்? 2007-லயே டைசன் எழுதிட்டாங்க, தம்பி இல்லாத எலி அதைத் தாங்கல, அதனால தம்பி இல்லாத மனுஷங்களும் தாங்காமப் போகலாம்னு. ஆப்பரேஷன் எல்லாருக்கும் வராது, வயசு எல்லாருக்கும் வரும். மறதிக்கு மருந்து சாப்பிடற ஆரிய வைசியப் பெரியவங்க எத்தனை பேர் இருப்பாங்க! எனக்குத் தெரிஞ்சு இந்தக் கதையில அதிகம் பேசப்படாத பகுதி இதுதான்.

இன்னொரு வேடிக்கை. கொழுப்பு ஜாஸ்தி சாப்பாடு கொடுத்தா தம்பி இல்லாத எலி மத்த எலிகளை விட குண்டாச்சு. கிரெலின்னு பசி ஹார்மோன் ஒண்ணு, அதை உடைக்கிறதுலயும் தம்பிக்கு ஒரு கை இருக்கு. 2015-ல மேயோ கிளினிக் குழு எலிக்குத் தம்பியை ஏத்திவிட்டா கிரெலின் குறைஞ்சு சண்டை போடறதும் குறையுதுன்னு எழுதினாங்க. வேலைவெட்டி இல்லாதவன்னு நினைச்ச தம்பி வீட்டுல அரிசி அளக்கிறதுல இருந்து பஞ்சாயத்து வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்திருக்கான்.

ஆனா எலியை அப்படியே நம்பிடவும் கூடாது. எலியோட பிளாஸ்மாவுல கார்பாக்ஸிலெஸ்டிரேஸ்னு இன்னொரு நொதி நிறைய உண்டு, பெரியப்பா பையன்னு வெச்சுக்குங்க. மனுஷ பிளாஸ்மாவுல அவன் கிடையாது. பூச்சிமருந்து விஷயத்துல எலிக்கு இருக்கிற அந்தக் கூடுதல் காவல் நமக்கு இல்ல. எலி தாங்குச்சு, அதனால நாமும் தாங்குவோம்னு சொல்ல முடியாது. எலி தாங்கலைன்னா மட்டும் கவனமா இருக்கணும்.

நடைமுறைக்கு வரேன். ஆரிய வைசியக் குடும்பம்னா, ஆப்பரேஷனுக்கு முன்னாடி மயக்க மருந்து டாக்டர் கிட்ட "எங்க சமூகத்துல சூடோ கோலினெஸ்டிரேஸ் குறைபாடு உண்டு, சக்சினைல்கோலின், மைவாகூரியம் ரெண்டும் வேண்டாம்"னு ஒரு வரி சொன்னாப் போதும். அவங்க கிட்ட ரோக்யூரோனியம் மாதிரி வேற மருந்து இருக்கு, அதுக்குத் தம்பி தேவையில்ல. சாதாரண ரத்தப் பரிசோதனை, பெரிய லேப்ல எடுக்கலாம். வீட்டுல யாருக்காவது முன்னாடி 'மயக்கம் தெளிய லேட்டாச்சு'ன்னு கதை இருந்தா கண்டிப்பாக் கேளுங்க. பாட்டி, அத்தை எல்லாரையும் கேளுங்க, அவங்களுக்குத்தான் யாருக்கு எப்ப என்ன ஆச்சுன்னு தெரியும்.

நண்பர் இதை எல்லாம் படிச்சிட்டு வீட்டோட போய் ரத்தம் கொடுத்தார். அவருக்குச் சாதாரணத்துல பாதி பக்கம். சித்திக்கு ஏறக்குறைய ஒண்ணுமே இல்ல. மேல ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அது இங்கதான். லேப்ல இருந்து பதறிப் போய் போன். "சார், இவங்க வயல்ல மருந்து அடிக்கிறவங்களா? எதையாவது குடிச்சிட்டாங்களா? உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க." சித்தி அந்த நேரம் கடைக் கல்லாவுல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தாங்க. யோசிச்சுப் பாருங்க, இதே சித்தி வேற ஏதோ காரணத்துக்கு மயங்கி விழுந்து, சுத்தி எல்லாரும் விவசாயம் பண்ற எங்க ஊர்ப் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய், இந்த ரிப்போர்ட்டும் வந்தா? பூச்சிமருந்து கேஸ்னு எழுதி, அட்ரோபின் ஏத்த ஆரம்பிச்சிடுவாங்க, போலீசுக்கும் தகவல் போகும். டாக்டரைக் குத்தம் சொல்ல முடியாது, நம்பர் அப்படித்தான் பேசும்.

இப்ப சித்தியோட மெடிக்கல் ஃபைல் அட்டையில சிவப்பு மையில ரெண்டு மருந்து பேரும், கீழ 'கோலினெஸ்டிரேஸ் பிறவியிலேயே இல்லை'ன்னும் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதி ஒட்டியிருக்கார் நண்பர். போன தடவை ஊருக்குப் போனப்ப கடைக்குப் போனேன். சித்தி கடலைமிட்டாய் கொடுத்து உக்கார வெச்சு எல்லாத்தையும் திரும்பச் சொல்லச் சொன்னாங்க. லேமன், காலோ, கோயம்புத்தூர் எல்லாம் 'ம்' கொட்டிக் கேட்டாங்க. எலிக்கு ஊசி போட்ட இடம் வந்ததும் நிறுத்தினாங்க.

"அந்த எலிக்கும் காது கேட்டிருக்குமில்லப்பா?"